மலை தெரிகிற வீட்டுக்கு என்ன விலை?

(நமது சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் அங்கத்தினர்களில் பலருக்குத் திருப்பதியிலோ சித்தூரிலோ ஒரு பழைய வீடு இருக்கிறது. பிள்ளைகள் வெளியூரில். விற்கலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகும் விலையில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. இதைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் ஒரு வங்கியில் 31 வருஷம் உத்தியோகம் பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் வீட்டுக் கடன் பிரிவில். மதிப்பீட்டாளர்கள் கொடுக்கும் ரிப்போர்ட்டைப் படித்து, வீட்டையும் நேரில் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சொல்வதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு தெரிந்தவர்களுக்காகச் சும்மாவும் பார்த்துக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சில விஷயங்கள் சொல்கிறேன்.

நம்மவர்களுக்கு இந்தப் பக்கம் வீடு எப்படி வந்தது என்பது இளைஞர்களுக்குத் தெரிந்திருக்காது. 1911-இல் சித்தூர் ஜில்லா உண்டாகும் வரை சித்தூர்தான் வடாற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரம். கோர்ட்டு, கச்சேரி, பள்ளிக்கூடம் எல்லாம் அங்கே. வக்கீல்களும் குமாஸ்தாக்களும் வாத்தியார்களுமாக நம் குடும்பங்கள் அங்கே வேரூன்றின. 1953-இல் ஆந்திர ராஜ்யம் ஏற்பட்டபோது சித்தூர் அதனுடன் போயிற்று. 1960-இல் திருத்தணி திரும்பி வந்தது. சித்தூரும் திருப்பதியும் வரவில்லை. 1954-இல் திருப்பதியில் வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் வந்ததும் இன்னும் சிலர் அங்கே மனை வாங்கினார்கள். 2022 ஏப்ரல் முதல் திருப்பதி தனி ஜில்லாவாகவும் ஆகிவிட்டது.

முதலில் அளவுக் கணக்கு. சென்னையில் இருக்கிற பிள்ளை கிரவுண்டு என்பான், பெங்களூரில் இருப்பவன் சதுர அடி என்பான். திருப்பதியில் பேச்சு அங்கணத்தில். திருப்பதி, சித்தூர் வழக்கில் ஒரு அங்கணம் என்பது 36 சதுர அடி, அதாவது ஆறடிக்கு ஆறடி. நெல்லூரில் அதே பெயருக்கு 72 சதுர அடி. நெல்லூர் சம்பந்தி ஒருவர், "எங்க ஊர்லே அங்கணம் இத்தனை போறதே, உங்காத்துக்கு அதிலே பாதிதானா?" என்று கேட்டு ஒரு குடும்பத்தில் ஆறு மாதம் பேரம் நின்றது எனக்குத் தெரியும். உங்கள் கையில் உள்ள விலை எந்த அங்கணத்துக்கு என்று கேட்டுக்கொண்டு பிறகு பேசுங்கள்.

இனி மலைக்கு வருவோம்.

திருப்பதி ஊர் மலைக்குத் தெற்கே இருக்கிறது. ஆகவே வடக்குப் பக்கம் திறந்திருக்கிற வீட்டுக்கு மலை தெரியும். கபில தீர்த்தம் சாலையிலும் அலிபிரிப் பக்கத்திலும் பழைய வீடுகளின் மொட்டை மாடியில் ஏறினால் மலை முழுவதும் கண்முன் நிற்கும். ராத்திரியில் மலைப்பாதை விளக்குகள் மாலை போட்டாற்போல் தெரியும். அதை விற்பவர் விலையாகக் கேட்கிறார். வாங்குகிறவரும் சில சமயம் கொடுக்கிறார். எவ்வளவு கொடுக்கலாம், எவ்வளவு கேட்கலாம் என்பதுதான் கேள்வி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாஸ்து பார்க்கிறவர்கள் வடக்கும் கிழக்கும் தாழ்ந்தும், தெற்கும் மேற்கும் உயர்ந்தும் இருக்கவேண்டும் என்பார்கள். வடக்கே மலை என்றால் அவர்களுக்கு ஆகாது. சித்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு வடக்கே சின்னக் குன்று இருந்ததற்காக விலையைக் குறைத்துக் கேட்டவரை நான் பார்த்திருக்கிறேன். அதே மனிதர் திருப்பதியில் வடக்கே மலை தெரிகிறது என்பதற்காகக் கூடுதல் கொடுக்கத் தயாராக இருந்தார். கேட்டதற்கு, "அது ஸ்வாமி மலை ஸார், அதுக்கு வாஸ்து கிடையாது" என்றார். சந்தையில் தர்க்கம் பார்க்கக் கூடாது. வாங்குகிறவர் எதை விரும்புகிறாரோ அதற்குத்தான் விலை.

சித்தூரிலும் சுற்றிலும் மலைதான். ஆனால் அங்கே யாரும் மலைக்குப் பணம் கொடுப்பதில்லை. முதல் கேள்வி தண்ணீர். போர்வெல் எத்தனை அடி, சித்திரை வைகாசியில் தண்ணீர் வருகிறதா, லாரித் தண்ணீர் வாங்கவேண்டுமா என்பார்கள். அடுத்தது சாலை அகலம். கட்டமஞ்சி ஏரிக் காற்று வருகிறது என்று சொன்னால் கேட்பவர் மரியாதைக்குத் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். பழைய சித்தூர் ஜில்லாவில் காட்சிக்காகவே பேர் போன இடம் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ஹார்ஸ்லி ஹில்ஸ். கடப்பை கலெக்டராக இருந்த ஹார்ஸ்லி துரை வெயிலுக்குப் பயந்து வீடு கட்டிக்கொண்ட மலை. அந்த மாதிரி இடத்தில் காட்சிக்கு விலை உண்டு, ஆனால் வாங்குகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒரு வருஷத்தில் பணம் வேண்டும் என்கிறவருக்கு அந்த விலை உதவாது.

சரி, திருப்பதி வீட்டுக்கு எப்படிக் கணக்குப் போடுவது? மலையைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு ஆரம்பியுங்கள். மனைக்கு ஒரு விலை, கட்டடத்துக்கு ஒரு விலை. கணக்குக்காக 60 அங்கணம் மனை, அங்கணம் 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நிஜ விலை தெருவுக்குத் தெரு மாறும். மனை 60 லட்சம். கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட 20 லட்சம் ஆகும் என்றும், கட்டி 40 வருஷம் ஆயிற்று என்றும் கொள்வோம். செங்கல், கான்கிரீட் வீட்டுக்கு 60 வருஷம் ஆயுள், கடைசியில் 10 சதவிகிதம் மிஞ்சும் என்று போடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் 60 சதவிகிதம் தேய்ந்துவிட்டது, மீதி 8 லட்சம். ஆக 68 லட்சம். தேக்கு வாசக்கால், ஊஞ்சல் கொக்கி, அப்பா பார்த்துப் பார்த்துப் போட்ட மொசைக் எல்லாம் அந்த 8 லட்சத்துக்குள் அடக்கம். இதைச் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. என்ன செய்வது?

இப்போது மலை. இதற்கு ஊகம் வேண்டாம், சாட்சி இருக்கிறது. உங்கள் பேட்டையிலேயே ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தைப் பாருங்கள். ஒரே மாடி, ஒரே அளவு, ஒரே வயசு. ஒரு ஃப்ளாட் வடக்குப் பார்த்து மலை தெரிகிறது. மற்றது தெற்கே பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்க்கிறது. இரண்டும் சமீபத்தில் என்ன விலைக்குப் போயின என்று விசாரியுங்கள். மற்றதெல்லாம் சமமாக இருப்பதால் வித்தியாசம் பெரும்பாலும் மலையின் விலைதான். ஒன்று 50 லட்சம், மற்றது 52 லட்சம் என்றால் மலைக்கு 4 சதவிகிதம். பெரிய நகரங்களில் பில்டர்கள் கடல் பார்த்த ஃப்ளாட்டுக்கும் பூங்கா பார்த்த ஃப்ளாட்டுக்கும் தனிக் கட்டணம் போட்டு, மாடி ஏற ஏறச் சதுர அடிக்கு இத்தனை என்று சேர்க்கிறார்களே, அதுவும் இந்தக் கணக்குதான். அந்த 4 சதவிகிதத்தை நம் 68 லட்சத்தின் மேல் போட்டால் 2 லட்சத்து 72 ஆயிரம். நான் பார்த்த குடும்பங்களில் மலைக்காக மனதில் வைத்திருந்த தொகை 10 லட்சத்துக்குக் குறைந்து இருந்ததில்லை.

அந்த 4 சதவிகிதமும் முழுசாகக் கிடைக்குமா என்பது வேறு ஒன்றைப் பொறுத்தது. உங்கள் பத்திரத்தை எடுத்து நாலு எல்லைகளைப் படியுங்கள். வடக்கே இன்னார் மனை என்று இருக்கும். மலை என்று இருக்காது. காட்சி உங்களுடையது இல்லை. நடுவில் இருக்கிறவர் கட்டாமல் இருக்கிற வரை அனுபவிக்கிறீர்கள். 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டப்படி, 20 வருஷம் தடையில்லாமல் அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஜன்னல் வழியாக உரிமை கோரலாம். காட்சிக்கு அந்தப் பாத்யதை இல்லை. இங்கிலாந்தில் 1610-ஆம் வருஷத்து ஆல்ட்ரெட் வழக்கிலேயே, காட்சி மனமகிழ்ச்சிக்குரியது, அவசியம் அல்ல, ஆகையால் அதை மறைத்தார் என்று நஷ்டஈடு கேட்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நானூறு வருஷமாகியும் அதில் பெரிய மாறுதல் இல்லை.

ஆகவே உங்கள் மொட்டை மாடியிலிருந்து மலையைப் பார்க்காமல், மலைக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பதைப் பாருங்கள். நடுவில் ரிஸர்வ் காடுதான் என்றால் விசேஷம். 1980-ஆம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மத்திய அரசு அனுமதி இல்லாமல் காட்டு நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்ப முடியாது. சேஷாசலம் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் ஆயிற்று. அந்தக் கடைசி வரிசை வீட்டின் காட்சி நிலைக்கும், அதற்கு முழு விலையும் கேட்கலாம். நடுவில் காலி மனை இருந்தால், அந்த மனைக்கு முன்னால் சாலை எத்தனை அடி என்று பாருங்கள். ஆந்திராவில் கட்டட உயரம் சாலை அகலத்தையும் மனை அளவையும் பொறுத்தது. குறுகிய சந்தாக இருந்தால் உயரக் கட்ட முடியாது. அகலமான சாலையானால் உங்கள் மலைக்கு நாள் எண்ணப்படுகிறது. அரசாங்க நிலமானால் அரசாங்கம் மனம் வைத்தபடி. 2025 மார்ச்சில் ஏழுமலையை ஒட்டி ஹோட்டல்களுக்குத் தந்த அனுமதியை ரத்து செய்வதாக முதல்வர் சந்திரபாபு நாயுடு அறிவித்தார். அனுமதி தந்ததும் அரசாங்கம்தான், ரத்து செய்வதும் அரசாங்கம்தான். திருச்சானூர்ப் பக்கத்திலிருந்து கபில தீர்த்தம் வரை போகும் மேம்பாலம் 2023 செப்டம்பரில் முழுசாகத் திறந்தது. சாலையை ஒட்டி முதல் மாடியில் இருப்பவர்களுக்கு மலைக்கு முன்னால் இப்போது கார்கள் தெரிகின்றன. ஊருக்கு நல்லது, அந்த வீட்டு விலைக் கணக்கு மாறிவிட்டது.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன், பேர் வேண்டாம். அப்பா வாத்தியாராக இருந்து 1984-இல் கட்டின வீடு. அவர் காலமான பிறகு வீடு அம்மா பேரில். அண்ணா பெங்களூர், அக்கா மும்பை, தம்பி நியூ ஜெர்சி. மாமி மட்டும் தனியாகத் திருப்பதியில். விற்க அவருக்கே சம்மதம். ஒரு நல்ல மனிதர், ஓய்வுபெற்ற அதிகாரி, நான் போட்ட கணக்கை ஒட்டியே விலை சொன்னார். தம்பி ஒப்பவில்லை. "மொட்டை மாடியிலே நின்னா மலை கைக்கு எட்டறாப்பல இருக்கு. அதுக்கு ஒரு 15 லட்சமாவது போடாம எப்படி மாமா?" என்று என்னைக் கேட்டான். முன்னால் காலி மனை இருக்கிறதே, சாலையும் அகலமாயிற்றே என்றேன். "இத்தனை வருஷம் கட்டாதவா இப்பவா கட்டப்போறா?" என்றான். சின்ன வயதில் பட்டம் விட்ட மொட்டை மாடி அவனுக்கு. வாங்க வந்தவருக்கு அது வெறும் தளம்.

நான் மாமியைக் கேட்டேன், நீங்கள் மாடிக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று. "நாளா? ஆறு வருஷம் ஆச்சு. முட்டி இடங்கொடுக்கலை. மலை எங்கே போகப்போறது? லிஃப்ட் இருக்கிற எடமா, ஆஸ்பத்திரி பக்கமாப் பாருங்கோ, போதும்" என்றார். யாருக்காக அந்த 15 லட்சத்தைக் கேட்கிறார்களோ, அவர் அந்த மலையைப் பார்த்தே ஆறு வருஷம் ஆகியிருந்தது. கீழே அவர் இருந்த அறை ஜன்னலில் தெரிவது பக்கத்து வீட்டு முருங்கை மரம்.

பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. வந்தவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். இரண்டாம் வருஷம் முன்மனையில் தூண் எழும்பிற்று. அடியில் கார் நிறுத்தம், மேலே ஐந்து மாடி. மலை போயிற்று, மத்தியான வெளிச்சமும் குறைந்தது. அந்த இரண்டு வருஷம் மாமி தனியாகவே இருந்தார். ஒரு தடவை வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து பார்த்துத்தான் தெரிந்தது.

பிறகு அக்காதான் ஒரு யோசனை சொன்னாள், அதை உங்களுக்கும் சொல்லவேண்டும். வீட்டை இடித்துக் கட்டுகிற பில்டருக்குப் பழைய வீட்டு மாடியில் மலை தெரிகிறதா என்பது லட்சியம் இல்லை. அவருக்கு வேண்டியது சாலை முகப்பும் எத்தனை மாடி கட்டலாம் என்பதும். ஆனால் அவர் கட்டும் மேல் மாடியிலிருந்து மலை தெரிந்தால் அதை அவர் விலை போட்டு விற்பார். இன்று உங்கள் வீட்டிலிருந்து தெரியாத மலையும் நாளை மேல் மாடியில் தெரியலாம். ஆகவே கூட்டு ஒப்பந்தம் போடுகிறவர்கள் "இத்தனை ஃப்ளாட்" என்று மட்டும் எழுதிக்கொள்ளக் கூடாது. எந்த மாடி, எந்தத் திசை என்று வரைபடத்தில் குறித்து ஒப்பந்தத்தோடு இணைக்கவேண்டும். இல்லாவிட்டால் தெற்குப் பக்கத்து முதல் மாடிதான் உங்கள் பங்குக்கு வரும். அக்கா வடக்குப் பக்கத்து மேல் மாடி ஃப்ளாட் ஒன்றைக் குறித்து வாங்கிக்கொண்டாள். இடைக்காலத்துக்கு மாமிக்கு லிஃப்ட் உள்ள வாடகை வீடும் பில்டர் செலவிலேயே பேசிக்கொண்டார்கள்.

மலையடிவாரத்துக்கு மறுபக்கமும் உண்டு. 2021 நவம்பர் மழையில் கபில தீர்த்தத்தில் விழுந்த தண்ணீரைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். மலைத் தண்ணீர் ஊருக்குள் புகுந்தது, மலைப்பாதையை மூடினார்கள், ஸ்வர்ணமுகியில் வெள்ளம், ராயலசெருவு உடையுமோ என்று கீழ் கிராமங்களைக் காலி செய்தார்கள். அதிலிருந்து உள்ளூர்க்காரர் யார் வீடு பார்க்க வந்தாலும், "2021-லே உள்ளே தண்ணி வந்துதா?" என்பதை முதலில் கேட்கிறார்கள். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்ற பிறகு காட்டை ஒட்டிய வீடு என்றால் குழந்தைகள் இருக்கிற குடும்பம் யோசிக்கிறது. ஆகக் கடைசி வரிசை வீட்டுக்குக் காட்சியால் ஏறுவதில் ஒரு பங்கு பயத்தால் இறங்கும். தண்ணீர் வந்திருந்தால் மறைக்காதீர்கள். வாங்குகிறவர் சாதாரண ஜாக்கிரதையால் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையைச் சொல்லவேண்டிய கடமை விற்பவருக்குச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது. வீட்டைக் காட்ட நல்ல காலம் ஐப்பசி முதல் மார்கழி வரை. மலை பச்சையாக இருக்கும். சித்திரையில் காய்ந்து பழுப்பாக நிற்கும், சில நாள் காட்டுத் தீயின் புகையும் இருக்கும். ஐப்பசியில் காட்டினால் தெருவில் தண்ணீர் நிற்பதும் கூடவே தெரிந்துவிடும். அதற்குத் தயாராக இருங்கள்.

வரியைப் பற்றி இரண்டு வார்த்தை. அரசாங்கத்தின் மதிப்பு தெருவுக்கும் கதவு எண்ணுக்கும் ஏற்றது. அதற்கு மலை தெரியாது. ஆகவே மலைக்கான தொகையைக் கையில் தருகிறேன், பத்திரத்தில் வேண்டாம் என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். சம்மதிக்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை தன் பங்கை வங்கி மூலம்தான் கொண்டுபோக முடியும், கறுப்புப் பணத்தை அவன் என்ன செய்வான்? 2001-க்கு முன் வாங்கிய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை அசலாக எடுக்கலாம். ஆனால் 2020-இல் செய்த திருத்தப்படி அது அன்றைய அரசாங்க மதிப்பைத் தாண்டக் கூடாது. அதாவது விற்கும்போது மலைக்கு வரி உண்டு, அசலில் மலை சேராது. 2024 ஜூலை 23 முதல் நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவிகிதம். அதற்கு முன் வாங்கிய வீட்டுக்கு, பணவீக்கச் சலுகையோடு 20 சதவிகிதம் என்ற பழைய கணக்கில் வரி குறைவாக வந்தால் அதைக் கட்டலாம். ஆனால் இது இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். அப்பா உயில் எழுதாமல் போய் மூன்று பேர் சேர்ந்து விற்கும் வீட்டில், சம பங்கு வாங்கியும் நியூ ஜெர்சிக்காரன் கையில் நிற்பது மற்றவர்களைவிடக் குறையலாம். இதை விலை பேசும் முன்பே மூவரும் ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் பிறகு மனஸ்தாபம் வராது.

போன வாரம் ஒரு அங்கத்தினர் தொலைபேசியில் கேட்டார்: "மலைக்குன்னு தனியா ஒரு தொகை சொல்லி விளம்பரம் பண்ணலாமா?" வேண்டாம் என்றேன். மொத்த விலையைச் சொல்லுங்கள். விடியற்காலையில் வரச் சொல்லி மாடிக்கு அழைத்துப் போங்கள். கும்பிட்டுவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கிறவர் அந்த 4 சதவிகிதத்தைக் கொடுப்பார். தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குகிறவரிடம் மலையைப் பற்றிப் பேச்செடுக்காமல் 68-லேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் கொண்டுவந்திருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை வந்து பாருங்கள். வடக்கு எல்லையை முதலில் படித்துவிடுவோம்.